பவர் விண்டோ ஏறவில்லையா? மோட்டாரை மாற்றும் முன் கரண்ட் எங்கே நிற்கிறது என்று பாருங்கள்

கடலூர் மஞ்சக்குப்பத்தில் கார் எலக்ட்ரிக்கல் வேலை பார்க்கிறேன். ஐப்பசி, கார்த்திகை மழை பிடித்துவிட்டால் எங்களிடம் வரும் வண்டிகளில் பவர் விண்டோ கோளாறு வரிசையாக வரும். இறங்கிய கண்ணாடி ஏறாது. வெளியே மழை கொட்டும். சீட்டின் மேல் பாலித்தீன் கவரை விரித்துக்கொண்டு வந்து நிற்பார்கள். வருகிறவர்களில் பலர் மோட்டார் போய்விட்டது என்று முடிவு செய்துவிட்டே வருகிறார்கள்.

முதுநகரிலிருந்து டாக்ஸி ஓட்டும் பெரியவர் ஒருவர் அப்படித்தான் வந்தார். டிரைவர் பக்கக் கதவுக்கு வேறு இடத்தில் புது மோட்டார் போட்டு இரண்டு வாரம் ஓடியிருக்கிறது, மறுபடி நின்றுவிட்டது. "தம்பி, போட்டது டூப்ளிகேட் போல. ஒரிஜினலா ஒண்ணு வாங்கிப் போட்டுடுங்க" என்றார். கதவை முழுக்கத் திறந்து ஸ்விட்சை அழுத்தினேன், அசையவில்லை. கதவைப் பாதி மூடி அழுத்தினேன், கண்ணாடி ஏறியது. மோட்டார் கெட்டிருந்தால், கதவு எவ்வளவு திறந்திருக்கிறது என்று அதற்கு எப்படித் தெரியும்? கதவுக்கும் பாடிக்கும் நடுவே போகும் வயர் உள்ளுக்குள் அறுந்திருந்தது. கழற்றிய பழைய மோட்டாரை அவர் டிக்கியிலேயே வைத்திருந்தார். அதற்கு பேட்டரி கொடுத்துப் பார்த்தோம், நன்றாகச் சுற்றியது. அவர் முகம் வாடிப்போனது. அந்தப் பணம் அவருக்கு மூன்று நாள் சவாரி.

அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். பேட்டரியில் கிளம்பிய கரண்ட் மோட்டார் வரை வருகிறதா, வந்தது திரும்பி எர்த்துக்கு (பேட்டரி மைனஸோடு சேர்ந்த வண்டியின் இரும்பு உடம்புக்கு) போகிறதா, எந்த இடத்தில் நிற்கிறது? இதைக் கண்டுபிடித்த பிறகுதான் எதையும் மாற்ற வேண்டும்.

முதலில், உள்ளே நடப்பது என்ன

சாதாரண பவர் விண்டோ மோட்டாருக்கு இரண்டே வயர்தான். ஒரு வயரில் பிளஸ், மற்றதில் எர்த் கொடுத்தால் கண்ணாடி ஏறும். மாற்றிக் கொடுத்தால் இறங்கும். இந்த மாற்றிக் கொடுக்கும் வேலையைச் செய்வது ஸ்விட்ச்.

ஸ்விட்சை யாரும் தொடாதபோது மோட்டாரின் இரண்டு வயரும் எர்த்தில்தான் இருக்கும். மேலே அழுத்தினால் ஒரு வயர் மட்டும் எர்த்தை விட்டு 12 வோல்ட்டுக்குத் தாவும். மற்றது எர்த்திலேயே நிற்கும். கீழே அழுத்தினால் அடுத்த வயர் தாவும். ஆக, ஒவ்வொரு அசைவுக்கும் ஸ்விட்சுக்குள் இரண்டு முனைகள் நன்றாக இருக்க வேண்டும்: பிளஸ் கொடுக்கும் முனை ஒன்று, எர்த் பிடித்துக்கொள்ளும் முனை ஒன்று.

இன்னொன்றையும் இப்போதே மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இந்த வகை வண்டிகளில் மற்ற மூன்று கதவுகளின் எர்த்தும் டிரைவர் கதவில் உள்ள மாஸ்டர் ஸ்விட்ச் வழியாகத்தான் போகிறது. பின் இடது கதவின் மோட்டார் திரும்பி அனுப்பும் கரண்ட், தன் கதவு ஸ்விட்சைத் தாண்டி, டிரைவர் கதவுக்குள் நுழைந்து, மாஸ்டர் ஸ்விட்சைத் தொட்டு, மறுபடி வெளியே வந்து எர்த்தைச் சேர்கிறது. பின் கதவு ஓடவில்லை என்றால் கோளாறு டிரைவர் கதவில் இருக்கலாம் என்று சொல்வது இதனால்தான்.

ஒரு ஸ்க்ரூவும் கழற்றாமல் பார்க்க வேண்டியவை

டிரைவர் கதவில் மற்ற ஜன்னல்களைப் பூட்டும் லாக் பட்டன் இருக்கும். முதலில் அதைப் பாருங்கள். வண்டியைத் துடைக்கும்போது கை பட்டு அழுந்தியிருக்கும், இவ்வளவுதான் விஷயம் என்று பல வண்டிகள் ஐந்து நிமிடத்தில் திரும்பியிருக்கின்றன.

அடுத்தது நான் எப்போதும் செய்யும் சோதனை. இரவிலோ நிழலிலோ வண்டியை நிறுத்தி, இக்னிஷனை ஆன் செய்து, எஞ்சினை ஸ்டார்ட் செய்யாமல், உள் விளக்கைப் போடுங்கள். அந்த விளக்கைப் பார்த்தபடியே கோளாறான ஜன்னலின் ஸ்விட்சை அழுத்துங்கள். விளக்கு லேசாக மங்கினால் கரண்ட் மோட்டாருக்குப் போகிறது. மோட்டாரோ, கண்ணாடியைத் தூக்கி இறக்கும் ரெகுலேட்டரோ, கண்ணாடியோ இறுகிக் கிடக்கிறது என்று அர்த்தம். விளக்கு அசையவே இல்லை என்றால் கரண்ட் வழியில் எங்கோ அறுந்திருக்கிறது. எல்இடி விளக்கு உள்ள வண்டியில் இது தெளிவாகத் தெரியாது. அங்கே பேட்டரியில் மல்டிமீட்டரை வைத்து, அழுத்தும்போது வோல்ட்டேஜ் கொஞ்சம் இறங்குகிறதா என்று ஒருவரைப் பார்க்கச் சொல்லுங்கள்.

காதையும் பயன்படுத்துங்கள். மோட்டார் சுற்றும் சத்தம் வருகிறது, கண்ணாடி அசையவில்லை என்றால் எலக்ட்ரிக்கலை விட்டுவிடலாம். ரெகுலேட்டரின் கேபிள் அறுந்திருக்கும் அல்லது பல் தேய்ந்திருக்கும். "க்க்" என்று முனகி நின்றால் இறுக்கம். ஒன்றுமே கேட்கவில்லை என்றால் இந்த வழிகாட்டியைத் தொடர்ந்து படியுங்கள்.

குழந்தைகள் ஸ்விட்சை வைத்து ஏற்றி இறக்கி விளையாடிய பிறகு ஜன்னல் நின்றுவிட்டது என்றால் பத்து நிமிடம் காத்திருங்கள். மோட்டாருக்குள் சூடேறினால் தானே கட் ஆகும் பாதுகாப்பு இருக்கிறது. ஆறியதும் வேலை செய்யும்.

எந்த ஜன்னல், எந்தத் திசை, எந்த ஸ்விட்ச்

ஒரு தாளை எடுத்து நான்கு ஜன்னலையும் எழுதி, ஒவ்வொன்றும் மாஸ்டர் ஸ்விட்சிலிருந்தும் தன் ஸ்விட்சிலிருந்தும் ஏறுகிறதா, இறங்குகிறதா என்று குறியுங்கள். கோளாறின் முகவரி அந்தத் தாளிலேயே பெரும்பாலும் வந்துவிடும்.

நான்கும் ஓடவில்லை என்றால் ஃபியூஸ், ரிலே (சின்னக் கரண்டால் பெரிய கரண்டை இணைத்துத் துண்டிக்கும் ஸ்விட்ச்), பொது எர்த், அல்லது டிரைவர் கதவுக்கு வரும் மெயின் சப்ளை. நான்கு மோட்டாரும் ஒரே நாளில் சாகாது.

ஒரு ஜன்னல் மாஸ்டரில் ஓடுகிறது, தன் ஸ்விட்சில் ஓடவில்லை: மோட்டாரும் அதன் வயரும் நன்றாக இருக்கின்றன. அந்தக் கதவு ஸ்விட்சையும் அதற்கு வரும் பிளஸ் சப்ளையையும் பாருங்கள். மாறாக, தன் ஸ்விட்சில் ஓடுகிறது, மாஸ்டரில் ஓடவில்லை என்றால் மாஸ்டர் ஸ்விட்சின் பிளஸ் முனை கருகியிருக்கும்.

பலரைக் குழப்புவது அடுத்த வகை. கண்ணாடி இறங்குகிறது, ஏறவே இல்லை. இரண்டு ஸ்விட்சிலும் அப்படித்தான். மோட்டார் ஒரு பக்கம் நன்றாகச் சுற்றினால் அதன் கார்பன் பிரஷும் (சுற்றும் பாகத்துக்குக் கரண்ட் கடத்தும் கரித்துண்டு) உள்ளே சுற்றியிருக்கும் செம்புக் கம்பியும் நல்ல நிலையில் இருக்கின்றன. அதைச் சந்தேகிக்க வேண்டாம். ஏறுவதற்கு எர்த் பிடித்துத் தர வேண்டிய, மாஸ்டரில் உள்ள எர்த் முனைதான் கோளாறு. ஏறவே இல்லை என்பதும் மெதுவாக ஏறுகிறது என்பதும் வேறு வேறு. வேகமாக இறங்கி, திணறித் திணறி ஏறினால் கண்ணாடி ஓடும் ரப்பர் சேனலில் மணலும் அழுக்கும் சேர்ந்திருக்கலாம். தேவனாம்பட்டினம் கடற்கரையில் அடிக்கடி நிறுத்தும் வண்டிகளில் இதைப் பார்க்கிறேன். ஈரத்துணியால் சேனலைத் துடைத்து, சிலிக்கான் ஸ்ப்ரே அடித்தால் போதும். எஞ்சின் ஆயிலோ கிரீஸோ போடாதீர்கள். ரப்பர் ஊதிவிடும், மணலும் ஒட்டிக்கொள்ளும்.

ஃபியூஸ்

ஃபியூஸ் பெட்டியின் மூடியிலோ ஓனர் மேனுவலிலோ பவர் விண்டோ ஃபியூஸ் எது என்று போட்டிருக்கும்; பெரும்பாலும் 20 முதல் 30 ஆம்பியர். ஃபியூஸைப் பிடுங்கிக் கண்ணால் பார்த்து முடிவு செய்ய வேண்டாம். இக்னிஷன் ஆனில் வைத்து, ஃபியூஸின் தலையில் தெரியும் இரண்டு சிறு உலோகப் புள்ளிகளையும் டெஸ்ட் லைட்டால் (ஒரு முனையில் எர்த்தில் மாட்டும் கிளிப், மறுமுனையில் ஊசி உள்ள சின்ன விளக்கு) தொடுங்கள். இரண்டிலும் எரிந்தால் நல்லது. ஒன்றில் மட்டும் எரிந்தால் ஃபியூஸ் போய்விட்டது. இரண்டிலும் எரியவில்லை என்றால் சப்ளையே வரவில்லை; ரிலேயைப் பாருங்கள். பெட்டியில் அதே நம்பரில் வேறு ரிலே இருந்தால் மாற்றிப் போட்டுப் பார்ப்பது எளிது.

புது ஃபியூஸும் உடனே போனால் எங்கோ வயர் உரசி ஷார்ட் ஆகிறது. அப்போது பெரிய ஆம்பியர் ஃபியூஸ் போட்டு ஓட்டுவது வண்டியை எரிக்கிற வேலை. வயர் உருகிப் புகை வந்த பிறகு கொண்டுவந்த வண்டிகளைப் பார்த்திருப்பதால் அழுத்திச் சொல்கிறேன்.

கதவு மடிப்பில் உள்ள ரப்பர் குழாய்

கதவைத் திறந்தால் கீல் பக்கத்தில், பாடிக்கும் கதவுக்கும் நடுவே மடிப்பு மடிப்பான ரப்பர் குழாய் தெரியும். வயர் கட்டு முழுவதும் அதற்குள்தான் போகிறது. கதவு திறக்கும்போதெல்லாம் அந்த வயர்கள் மடிந்து நிமிர்கின்றன. டிரைவர் கதவுதான் அதிகம் திறக்கப்படுகிறது; அங்கேதான் முதலில் அறுக்கும். மின்கம்பியை முன்னும் பின்னும் வளைத்துக்கொண்டே இருந்தால் ஒடிகிறதல்லவா, அதேதான்.

ஒருவர் ஸ்விட்சை விட்டு விட்டு அழுத்த, மற்றவர் கதவை மெதுவாகத் திறந்து மூட வேண்டும். ரப்பர் குழாயைக் கையால் பிடித்து அமுக்கி ஆட்டியும் பாருங்கள். எந்த இடத்திலாவது ஜன்னல் உயிர்பெற்றால் வேறு எதையும் தேட வேண்டாம்.

குழாயை பாடி பக்கத்திலிருந்து விரலால் நெம்பி எடுத்துப் பின்னால் தள்ளினால் வயர்கள் தெரியும். ஒவ்வொன்றாகப் பிடித்து லேசாக இழுங்கள். நல்ல வயர் விறைப்பாக நிற்கும். உள்ளே செம்பு அறுந்த வயர் ரப்பர் பேண்ட் போல நீளும். மேல் பிளாஸ்டிக் மட்டும்தான் பிடித்துக்கொண்டிருக்கிறது. வெளியே ஒரு கீறல்கூடத் தெரியாது. அந்த டாக்ஸிக்காரரின் வண்டியில் பருமனான வயர் ஒன்று அப்படி நீண்டது. வெட்டிப் பார்த்தபோது உள்ளே செம்பு இழைகள் பச்சைக் களிம்பு பிடித்துப் பொடியாக உதிர்ந்தன. ரப்பர் குழாயின் மேல்பக்கம் சின்னதாகக் கிழிந்திருந்தது. உப்புக்காற்றும் மழைநீரும் அதன் வழியே போயிருக்கின்றன. கடலூர், புதுச்சேரி மாதிரிக் கடலோர ஊர்களில் இது சீக்கிரம் நடக்கிறது.

சரிசெய்யும்போது அறுந்த இடத்திலேயே முறுக்கி டேப் சுற்றாதீர்கள். சால்டர் வைத்தாலும் அந்த இடம் கெட்டியாகிவிடும். அது மடிப்புக்குள் இருந்தால் ஓரத்தில் மறுபடி ஒடியும். அதே பருமனுள்ள, மெல்லிய இழைகள் நிறைய உள்ள வளையும் வயரை எடுத்து, ஒரு ஜாயிண்டை டேஷ்போர்டு பக்கத்திலும் மற்றதைக் கதவுக்குள்ளும் வையுங்கள். மடிப்பில் ஜாயிண்டே இருக்கக் கூடாது. ஜாயிண்டுகளை ஒரே இடத்தில் குவிக்காமல் முன்பின்னாக வைத்து, சூடு காட்டினால் சுருங்கிப் பிடிக்கும் ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ் போடுங்கள். குழாய் கிழிந்திருந்தால் அதையும் மாற்றுங்கள்.

டோர் பேடைத் திறந்து பல்பு வைத்துப் பார்ப்பது

இதுவரை பிடிபடவில்லை என்றால் கதவின் உள்பக்க மூடியான டோர் பேடைக் கழற்ற வேண்டும். கைப்பிடிக் குழியிலும் ஓரத்திலும் ஸ்க்ரூக்கள் மூடிக்குள் ஒளிந்திருக்கும். அவற்றை எடுத்த பிறகு கீழ் ஓரத்திலிருந்து பிளாஸ்டிக் நெம்பியால் கிளிப்புகளை ஒவ்வொன்றாக விடுவியுங்கள். ஸ்க்ரூ டிரைவரைப் போட்டு நெம்பினால் பெயிண்ட் போகும். உள்ளே ஒட்டியிருக்கும் பாலித்தீன் ஷீட்டைக் கிழிக்காமல் மெதுவாக உரியுங்கள். கை உள்ளே இருக்கும்போது யாரும் ஸ்விட்சைத் தொடக் கூடாது. ரெகுலேட்டர் விரலை நசுக்கிவிடும்.

மோட்டாரில் வயர் மாட்டியிருக்கும் பிளக்கை, அதாவது கப்ளரைப் பிடுங்குங்கள். இப்போது பலர் மல்டிமீட்டரை வைத்து 12 வோல்ட் காட்டுகிறது, ஆகவே மோட்டார் கெட்டது என்பார்கள். தொழில் கற்ற காலத்தில் நானும் அப்படி முடிவு செய்து ஒருவருக்கு வீண் செலவு வைத்திருக்கிறேன். வயரில் இருபது இழைகளில் பத்தொன்பது அறுந்து ஒன்றே மிச்சம் இருந்தாலும் மீட்டர் முழு 12 வோல்ட்டைக் காட்டும், ஏனென்றால் மீட்டர் கரண்டை அநேகமாக இழுப்பதே இல்லை. மோட்டார் சில ஆம்பியர் கேட்டதும் அந்த ஓர் இழை தாங்காது. நூல் அளவு துளையுள்ள குழாயிலும் தண்ணீர் அழுத்தம் இருக்கும், வாளி நிறையுமா?

அதனால் சுமை வைத்துப் பார்க்க வேண்டும். எரியும் இரண்டு இழைகளில் ஒன்று போன பழைய எச்4 ஹெட்லைட் பல்பு எந்தக் கடையிலும் சும்மா கிடைக்கும். மிச்சமுள்ள இழை 55 அல்லது 60 வாட். ஏறக்குறைய 5 ஆம்பியர் இழுக்கும், மோட்டார் சாதாரணமாக இழுக்கும் அளவுக்கு அருகில். அதை கப்ளரின் இரண்டு முனைகளுக்கு நடுவே மாட்டி, ஸ்விட்சை மேலே அழுத்துங்கள், கீழே அழுத்துங்கள். இரண்டு முறையும் பளிச்சென்று எரிந்தால் ஃபியூஸிலிருந்து எர்த் வரை எல்லாம் சரி. அப்போது மட்டும் மோட்டாரைச் சந்தேகியுங்கள். மங்கலாக எரிந்தால் வழியில் தடை. எரியவே இல்லை என்றால் வழி அறுந்திருக்கிறது. பல்பு சில நொடிகளிலேயே கொதிக்கும். சீட்டிலோ பேடிலோ பட விடாதீர்கள்.

தடை பிளஸ் பக்கமா எர்த் பக்கமா என்பதையும் பார்த்துவிடலாம். பல்பு எரியும்போதே மீட்டரின் ஒரு முனையை பேட்டரி மைனஸிலும் (நீளமான வயர் வேண்டும்) மற்றதை பல்பின் எர்த் பக்கத்திலும் வையுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் பக்கம் தடை. அதேபோல் பேட்டரி பிளஸுக்கும் பல்பின் பிளஸ் பக்கத்துக்கும் நடுவே அளந்தால் சப்ளை பக்கம் தெரியும். எர்த் பக்கம் என்றால் டேஷ்போர்டுக்குக் கீழே, காலருகே உள்ள பேனலைக் கழற்றி எர்த் போல்ட்டைத் தேடுங்கள். எமரி தாளால் துருவைத் தேய்த்து, இறுக்கி, மேலே வாசலின் தடவுங்கள். 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தபோதும் அதன் பிறகு தென்பெண்ணை வெள்ளம் கடலூருக்குள் வந்தபோதும் உள்ளே தண்ணீர் புகுந்த வண்டிகளில் இந்த இடத்தைக் கட்டாயம் பாருங்கள். தரை விரிப்பு காய்ந்துவிடும், போல்ட்டின் அடியில் துரு வளர்ந்துகொண்டே இருக்கும்.

ஸ்விட்ச்

மழையில் கண்ணாடியை இறக்கும்போது தண்ணீர் விழுவது நேராக மாஸ்டர் ஸ்விட்சின் மேல்தான். டீ சிந்துவதும் அங்கேதான். பேட்டரி மைனஸைக் கழற்றிவிட்டு ஸ்விட்சை எடுத்துப் பிரித்தால் செம்பு முனைகள் கரி படிந்தோ களிம்பேறியோ இருக்கும். கான்டாக்ட் கிளீனர் அடித்து, 600 நம்பர் எமரி தாளால் மிக லேசாகத் தேய்த்தால் பல ஸ்விட்சுகள் பிழைத்துக்கொள்ளும். முனை உருகிப் பிளாஸ்டிக்கும் கோணிப்போயிருந்தால் மாற்றுவதுதான் வழி. பிரிக்கும்போது உள்ளே சின்ன ஸ்பிரிங் தெறிக்கும். ஒரு துண்டை மடியில் விரித்துக்கொண்டு பிரியுங்கள்.

மோட்டார்

பல்பு நன்றாக எரிந்த பிறகு, பேட்டரியிலிருந்து 20 ஆம்பியர் ஃபியூஸ் போட்ட இரண்டு வயரை மோட்டாருக்கு நேரடியாகத் தொட்டுப் பாருங்கள். பிறகு மாற்றித் தொடுங்கள். சுற்றவில்லை என்றால் மோட்டார் உடம்பை ஸ்க்ரூ டிரைவர் கைப்பிடியால் லேசாகத் தட்டிக்கொண்டே கொடுங்கள். தட்டும்போது சுற்றினால் கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கிறது. மோட்டாரைக் கழற்றும் முன் கண்ணாடியை மேலே தூக்கி, கதவுச் சட்டத்தோடு டேப்பால் இருபுறமும் ஒட்டுங்கள். இல்லையென்றால் கண்ணாடி உள்ளே விழும்.

கவனம்: மோட்டார் கப்ளரில் இரண்டுக்கு மேல் வயர் இருந்தால் அதற்குள் எலக்ட்ரானிக் போர்டு இருக்கிறது. தடை பட்டால் தானே இறங்கும் ஆட்டோ ஜன்னல்கள் பெரும்பாலும் இப்படித்தான். அதற்கு நேரடியாக பேட்டரி கொடுக்கவே கூடாது. புது வண்டிகள் பலவற்றில் ஸ்விட்ச் ஒரு சின்ன சிக்னலை மட்டும் அனுப்பும். கரண்டைக் கொடுப்பது வேறு ஒரு கண்ட்ரோல் யூனிட். அங்கே ஃபியூஸ், எர்த், ரப்பர் குழாய் வரை நீங்கள் பார்க்கலாம். அதற்கு மேல், கண்ட்ரோல் யூனிட்டைப் படிக்கும் ஸ்கேனர் உள்ளவரிடம் கொடுங்கள்.

பேட்டரியைக் கழற்றி மாட்டிய பிறகு ஆட்டோ ஏற்றம் மட்டும் வேலை செய்யவில்லை என்றால் அது கோளாறே அல்ல. பல வண்டிகளில் கண்ணாடியை முழுக்க இறக்கி, முழுக்க ஏற்றி, ஏறிய பிறகும் ஸ்விட்சைச் சில நொடிகள் பிடித்திருந்தால் நினைவு திரும்பும். உங்கள் வண்டிக்கு உரிய முறை மேனுவலில் இருக்கும்.

மூடும் முன்

பேடை மாட்டும் முன் கப்ளரைப் போட்டு, கதவைத் திறந்து வைத்து ஐந்து முறை, மூடி வைத்து ஐந்து முறை ஏற்றி இறக்குங்கள். பாலித்தீன் ஷீட்டைப் பழைய பசையோடு நன்றாக அழுத்தி ஒட்டுங்கள். வேண்டாத பிளாஸ்டிக் என்று சிலர் அதைத் தூக்கி எறிந்துவிடுகிறார்கள். கண்ணாடி வழியே கதவுக்குள் இறங்கும் மழைநீரை உள்ளறைக்கு வராமல் தடுப்பது அந்த ஷீட்தான்.

அப்புறம் கதவின் அடி ஓரத்தில் தண்ணீர் வடியும் சின்னத் துளைகள் இருக்கும். மணலும் சருகும் அடைத்துக்கொண்டால் கதவுக்குள் தண்ணீர் தேங்கும், மோட்டாரும் கப்ளரும் ஈரத்திலேயே கிடக்கும். ஒரு தென்னை ஈர்க்குச்சியை எடுத்து ஒவ்வொரு துளையாகக் குத்திவிடுங்கள். அந்த டாக்ஸிக் கதவில் குத்தியதும் கறுப்புத் தண்ணீர் அரை டம்ளர் வழிந்தது. பெரியவர் குனிந்து பார்த்தார், என் கையிலிருந்த குச்சியை வாங்கி மற்ற மூன்று கதவுகளையும் அவரே குத்த ஆரம்பித்தார்.